செம்பு ஏறிய அச்சு

ஸாஹாரியாவுக்குத் தன் கடைசல் வேலையில் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ரயில் பணிமனையில் எப்பேர்ப்பட்ட தேய்ந்த அச்சைக் கொண்டுவந்து போட்டாலும் கண்ணாடி மாதிரி இழைத்துத் தருவான். பாழாய்ப்போன அந்தக் கர்வம்தான் மூன்று உயிரைக் குடித்தது.

அவனுடைய தங்கை ஸ்மாரண்டாவின் புருஷன் ஒனோஃப்ரே, சரக்கு வண்டிகளுக்கு எண்ணெய் ஊற்றுகிறவன். ஒருநாள் மதியம் சக்கரத்தோடு ஓர் அச்சை உருட்டிக்கொண்டு வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான், எண்ணெய் ஊத்த மறந்துட்டேன். தாங்கி உருகி, அச்சு நெருப்பாப் பழுத்துடுச்சு."

ஸாஹாரியா குனிந்து பார்த்தான். அச்சின் கழுத்து வெண்கலத் தாங்கிக்குள் சுழலும் இடத்தில், எஃகைச் சுற்றிச் செம்பு நிறம் படர்ந்திருந்தது.

"செம்பு ஏறின அச்சு உலைக்குத்தான். தெரியுமில்ல?"

"உலைக்குப் போனா ஏன்னு கேப்பானுங்க. நாசவேலைன்னு எழுதிக் கைதியாக் கால்வாய் வெட்ட அனுப்பிடுவானுங்க. அங்க போனவன் எவன் திரும்பினான்? ஆனா ஓடுற வண்டி கவுந்தா அது பெரும்பாவம். அதான் மறைக்காம உங்கிட்டச் சொல்றேன். ஆகாதுன்னு சொல்லு, நானே போய் ஒத்துக்கறேன்."

"அட போடா எண்ணெய்ச்சட்டி! நீ யார் கையில குடுத்திருக்கேன்னு தெரியுமா?"

அச்சைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி இழைத்தான். முதலில் விழுந்த சுருள்கள் சிவந்திருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு போய், வெறும் சாம்பல் நிறம் வந்தது. கழுத்து பளபளத்தது. உலைக்குப் போட வேண்டும் என்ற விதியெல்லாம் கைத்திறமை இல்லாதவர்களுக்கு என்பது அவன் நினைப்பு. தன் முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டான்.

"ராத்திரி உங்க வீட்டுக்கு வரேன். மாமாலிகாச் சோளக்களியில வெண்ணெய் கொஞ்சம் தாராளமாப் போடச் சொல்லு," என்றான். ஒனோஃப்ரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

பனிக்காலத்தில் ஆற்றுப் பாலத்தின் மேல் அந்த அச்சு கழுத்தோடு முறிந்தது. பின்வண்டிகளில் பிரேக் பிடிக்க நின்றிருந்த ஆட்கள் மூன்று பேர் உறைந்த ஆற்றுக்குள் போனார்கள். ஒனோஃப்ரேயை அன்றைக்கே பிடித்துக்கொண்டு போனார்கள்.

விசாரணை அறையில் முறிந்த துண்டு மேசைமேல் கிடந்தது. முறிவின் சாம்பல் முகத்தில், மயிரிழையாய்ச் செந்நிறக் கோடுகள் உள்ளே வெகுதூரம் ஓடியிருந்தன.

"அவ்வளவு சூட்டுல செம்பு எஃகோட மணிமணியான அமைப்புக்கு நடுவுல புகுந்துடும்," என்றார் பொறியாளர். "மேல எவ்வளவு இழைச்சாலும் உள்ள போனது போனதுதான்."

தான் இழைத்து எடுத்தது தோலை மட்டும்தான் என்பது அப்போதுதான் ஸாஹாரியாவுக்கு உறைத்தது.

அதிகாரி அவன் பக்கம் திரும்பினார். "அச்சு பழுத்ததை உங்ககிட்டச் சொன்னேன்கிறான் இவன். சொல்லியிருந்தா இவன் மேல வெறும் கவனக்குறைவு. தெரிஞ்சே இழைச்சு அனுப்பினது நீங்க, மூணு சாவும் உங்க தலையில. சொல்லலேன்னா மறைச்சது இவன், அது நாசவேலை. சொன்னானா?"

ஒனோஃப்ரே சுவரோரம் நின்றிருந்தான். கெஞ்சவில்லை. மச்சான் வந்துவிட்டான், இனிக் கவலையில்லை என்கிற முகம்.

"இல்லைங்க," என்றான் ஸாஹாரியா. "தேய்ஞ்சிருக்கு, இழைச்சுக் குடுன்னான். அவ்வளவுதான்."

"மச்சான்..." என்றான் ஒனோஃப்ரே. சரியாகக் காதில் விழவில்லையோ என்பதுபோல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே வாசலில் ஸ்மாரண்டா ஒரு மூட்டையோடு பனியில் காத்திருந்தாள்.

"அண்ணே, உள்ளதைச் சொன்னியா?"

"சொன்னேம்மா."

அவள் அவன் கையை இழுத்து முத்தமிட்டாள். "நீ இருக்கிற தைரியத்துலதான் நான் நிக்கிறேன். எப்ப விடுவாங்களாம்?"

"சாயங்காலமே விட்டுடுவாங்க."

"அப்பாடா! நான் பாட்டுக்குக் கம்பளிக் காலுறை, ரொட்டி எல்லாம் கட்டி எடுத்துட்டு வந்தேன். இனி இது எதுக்கு?" என்று சொல்லி, மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.