பதினான்காம் மாடியின் திருப்தி

'குடியிருப்போர் திருப்தி மதிப்பீட்டு' அதிகாரி விர்யவான் பதினான்காம் மாடிக்கு ஏறி வந்து சேர்ந்தபோது, லிஃப்டைப் பற்றிக் கேட்க அவரிடம் மூச்சு மிச்சமில்லை. சுமார்னி அவரை உட்காரவைத்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள். தேநீர் கொடுத்தாள்.

ஜகார்த்தாவின் ஆற்றங்கரையிலிருந்து சுமார்னியையும் அக்கம்பக்கத்தாரையும் பெயர்த்து இந்த அடுக்ககத்தில் வைத்து மூன்று வருடமாகிறது. நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் நின்ற லிஃப்ட் நான்கு மாதமாக அசையவில்லை. அவள் கணவன் கார்த்தோனோவுக்குப் பக்கவாதம். செவ்வாய்தோறும் கால் பயிற்சிக்குப் போனால் இந்த வருடத்துக்குள் நடந்துவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நால்வர் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மற்ற மூவரும் செவ்வாய்க்கிழமைகளில் அவள் கண்ணில் படுவதில்லை.

காலையிலேயே பன்னிரண்டாம் மாடி டுட்டிக் வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தாள். "அக்கா, உங்க நல்ல குணத்தை இன்னிக்கு ஒருநாள் பெட்டியில வச்சுப் பூட்டுங்க. மார்க் அம்பதுக்குக் கீழ போனாத்தான் ரிப்பேருக்கு ஆளு வருமாம். மோசம்னு ஒரு வார்த்தை. அது போதும்."

அந்த ஒரு வார்த்தையைச் சுமார்னி சமைத்துக்கொண்டே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். கட்டிலில் இருந்தபடி கார்த்தோனோவும் சரியென்று தலையசைத்திருந்தார்.

"லிஃப்ட் வசதி எப்படிம்மா?" என்றார் அதிகாரி.

அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வீடு தேடி வந்து, தன் தேநீரைக் குடிக்கிற விருந்தாளியின் முகத்துக்கு நேராகக் குறை சொல்வது, சுமார்னி வளர்ந்த ஜாவா வீட்டில், அந்தத் தேநீரை அவர் தலையில் ஊற்றுவதற்குச் சமம்.

"பரவாயில்லைங்க. ஏறி எறங்கினா உடம்புக்கு நல்லதுதானே."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. ஐந்துக்கு ஐந்து போட்டார்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. திருப்தி, தொண்ணூற்று மூன்று விழுக்காடு, நகருக்கே முன்மாதிரி. அந்த அறிவிப்பை ஒட்டக் கட்டடத்தில் சுத்தமான இடம் ஒன்றுதான் இருந்தது: நான்கு மாதமாக யாரும் தொடாத லிஃப்ட் கதவு. அங்கே நின்று படித்துக்கொண்டிருந்த டுட்டிக் சுமார்னியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த ஆபீசருக்கு நானும் வாழைப்பழம் பொரிச்சுக் கொடுத்தேன் அக்கா. அவ்வளவு ஆசையா சாப்பிட்டாரு. எப்படிச் சொல்றது?"

அன்று செவ்வாய். சுமார்னி தண்ணீர்க் கேனோடு மாடியேறி வந்தபோது, கார்த்தோனோ காலையிலேயே மாட்டிக்கொண்ட செருப்போடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்து கழற்றினாள். அடிப்பாகத்தில் கடைக்காரன் ஒட்டிய அளவுச்சீட்டு இன்னும் கசங்காமல் இருந்தது.