மூழ்கப் பதினொரு நிமிடம்

என் மனுசன் கிளெமென்ற் ஒரு வாயில்லாப் பூச்சி. முதியோர் இல்லச் சமையலறை ஒன்றில் பதினாறு வருடம் பாத்திரம் கழுவினார். எல்லாச் சனி ஞாயிறு வேலையையும் அவர் தலையில்தான் கட்டுவார்கள். அவரும் 'யா, யா' என்று வாங்கிக்கொண்டு வருவார். பஸ்ஸில் யாராவது அவருடைய காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவருக்குப் பிடித்த ஒரே இசைத்தட்டைப் பற்றிச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அது எழுபதுகளில் வந்த இங்கிலீசு ராக். அட்டைப் படத்தில் எரிகிற கப்பல் ஒன்றின் மேல் சிவப்புப் போர்வையோடு ஒரு பரட்டைத்தலையன் கைகளை விரித்துக்கொண்டு நிற்பான். அவன்தான் கப்பல் தலைவன். முதல் பாட்டிலேயே புயல் தொடங்கிவிடும். இடி, பீரங்கி, கோயில் மணி, நூறு பேர் ஒன்றாக ஓலமிடுவது, எல்லாவற்றுக்கும் மேலே கிற்றார். கடைசிப் பாட்டில் கப்பல் மூழ்கும். அது மூழ்கப் பதினொரு நிமிடம். தண்ணீர் கழுத்துக்கு வந்தாலும் அவன் பாட்டை விடமாட்டான். அப்பாடா, செத்துவிட்டான் என்று நான் நிமிர்வேன். அப்போது மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மூன்று தட்டு என்று மேளம் மெல்லத் தொடங்கும். அறுவான் திரும்ப எழும்பி இன்னும் உச்சத்தில் கத்துவான். ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவர் சுவரில் இடிப்பார்.

எண்பத்தேழில் அவர் நோர்வேக்கு அகதியாக வந்து, வடக்கே ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் மொழி படித்தபோது, அறையில் கூட இருந்த நோர்வேஜியப் பெடியன் கொடுத்த தட்டு அது. ஒரு சாவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமோ என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். வழக்கமாகச் சிரித்து மழுப்புகிறவர் அன்றைக்குப் பதில் சொன்னார்.

"இஞ்சேரும், எங்கடை அண்ணா கடலிலை போனதை ஒருத்தரும் காணேல்லை. அவன் கத்தினானோ எண்டுகூடத் தெரியாது. இவன் ஒருத்தனாவது ஊருக்கே கேக்கக் கத்திப்போட்டுச் சாகிறான்."

அவருடைய அண்ணன் மன்னார்க் கரையில், பேசாலையில் இருந்து இந்தியாவுக்கு வள்ளத்தில் புறப்பட்டவர். வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை. அதற்குப் பிறகு அந்தத் தட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, தபசு காலத்தில் தவிர.

யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் வீட்டில், தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதனன்று ரேடியோவைத் துணியால் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார்கள். இறைச்சி இல்லை, கலியாணம் இல்லை, பாட்டு இல்லை. யேசுவின் பாடுகளைப் பாடுகிற ஒப்பாரி மட்டும்தான். உயிர்த்த ஞாயிறு பூசையில் மணி அடித்த பிறகுதான் துணியை அவிழ்க்கலாம். ஒஸ்லோவுக்கு வந்தும் நான் அதை விடவில்லை. வருடம் தவறாமல் நாற்பது நாளும் அவருடைய தட்டு என் உடுப்புப் பெட்டிக்கு அடியில் கிடக்கும். அவரும் ஒரு சொல் சொல்லமாட்டார்.

இரண்டாயிரத்து ஆறில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய திங்கட்கிழமை, குளியலறையில் விழுந்தார். மூளையில் இரத்தம் கசிந்திருந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. நோர்வேஜியர்கள் எல்லோரும் விடுமுறைக்கு மலைக்குப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரி வெறிச்சோடிக் கிடந்தது. பிழைத்தாலும் பிழைக்கலாம், போனாலும் போகலாம் என்று டொக்டர் சொன்னார். நான் கட்டில் காலடியில் முழந்தாளிட்டு நேர்த்தி வைத்தேன். ஆண்டவரே, இந்தத் தபசை நான் ஒரு இம்மியும் முறிக்கமாட்டேன், நீர் இவரை எனக்குத் திருப்பித் தாரும்.

புதன்கிழமை மகள் லீசா அந்தப் பாட்டுகள் இருந்த சீடியையும், காதில் மாட்டிக் கேட்கிற சின்னப் பெட்டியையும் கொண்டு வந்தாள். அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்த சீடி. போட்டுவிடுங்கோ அம்மா என்று கெஞ்சினாள். ஞாயிறு வரைக்கும் பொறு, நாலு நாள்தானே என்றேன். அவளுக்கு வந்த கோபத்தில் என் முகத்தையே பார்க்கவில்லை. நான் பெட்டியை வாங்கி என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை எங்கள் கோயில் குருவானவர் அல்பேர்ட் சுவாமி வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். பை என் மடியில்தான் இருந்தது.

பெரிய வெள்ளி காலையில் அவருடைய இடது கை கட்டில் கம்பியில் தட்டத் தொடங்கியது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மூன்று தட்டு. என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினார். தாதி ஓடிவந்து, ஏதாவது நோகிறதா, என்ன கேட்கிறார் என்று என்னிடம் விசாரித்தாள். எனக்குத் தெரியும். இத்தனை வருடம் சுவர் அதிரக் கேட்டவளுக்குத் தெரியாதா? தெரியவில்லை என்று தாதியிடம் பொய் சொன்னேன். அந்த விரல்களைப் பிடித்துச் செபமாலையைச் சுற்றிவிட்டு, இன்னும் ரெண்டே நாள், தபசு காலமெல்லோ என்று அவர் காதுக்குள் சொன்னேன்.

பெரிய சனி பகல் இரண்டு மணிக்கு அவர் போய்விட்டார். ஒரு முனகல்கூட இல்லை. பக்கத்தில் இருந்து செபம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை, தாதி வந்துதான் சொன்னாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், முப்பத்தோராம் நாள் பூசையைப் பற்றிக் கதைக்க அல்பேர்ட் சுவாமி வீட்டுக்கு வந்தார். லீசாவும் இருந்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, சாகக் கிடக்கிற மனுசனுக்கு அப்பிடி ஒரு சட்டமும் திருச்சபையிலை இல்லை. வியாழக்கிழமை வந்தனான்தானே, என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானே போட்டு விட்டிருப்பன்."

லீசா எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சுவாமிக்கு என் முகத்தைப் பார்க்கப் பயம் வந்திருக்க வேண்டும். அவசரமாக என்னைத் தேற்றப் பார்த்தார். அந்த நிலையில் கிளெமென்றுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது, பாட்டும் கேட்டிருக்காது, மனதைப் போட்டு அலட்டாதே என்றார்.

"விளங்கினது சுவாமி," என்றேன். "தபசு காலம் எண்டு நான் சொன்ன உடனை விரலை நிப்பாட்டினவர். பிறகு தட்டவே இல்லை."