மூடிய பதிவைத் திறந்தவள்

1

இது என் மச்சினி எங்கள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்ன கதை. என் மனைவியிடம்தான் சொன்னாள். தண்ணீர் குடிக்கப் போன நான், தம்ளரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘திரை மினுங்கியது. அதில் ஒரு முகம்—’

அடித்துவிட்டேன். அப்படித் தொடங்கினால் கம்ப்யூட்டர் கதாநாயகன் ஆகிவிடும். பயந்தது மனுஷி. அவளிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2

மச்சினிக்கு ஆராய்ச்சி வேலை. நீதிமன்றப் பதிவுகளெல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. அதில் யாரால் எதைப் பார்க்க முடிகிறது என்று ஆராய்ந்து சொல்ல அவளை அமர்த்தியிருந்தார்கள். சில வழக்குகளை இனி யாரும் பார்க்கக் கூடாதென்று நீதிபதியே மூடச் சொல்லியிருப்பார். சிறு வயதில் மாட்டிக்கொண்டவர்கள், விடுதலையானவர்கள், அப்படி. மூடச் சொன்னது மூடித்தான் இருக்கிறதா? சில வழக்கு எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற மாதிரி எடுப்பாள். உள்ளே திறந்து பெயரைப் பார்ப்பாள். அந்தப் பெயர் வெளியே பொதுத் தேடலில் கிடைக்கிறதா என்று சோதிப்பாள். பார்த்ததைப் பற்றி மூச்சுவிட மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ஓர் எண்ணைத் திறந்தாள். பதினாறு வயதுப் பெண்ணின் படம். அவள் வேலை செய்த வீட்டில், அவள் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்துபோயிருந்தது. கைது. விசாரணை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை.

யாரோ கூப்பிட்டது போலத் தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து நிற்கும் அந்த நிற்பை மச்சினி தினமும் காலையில் தன் வீட்டு வாசலில் பார்க்கிறாள். அந்த நிமிஷம் மச்சினியின் பத்து மாதக் குழந்தை அந்தப் பெண்ணின் இடுப்பில் இருந்தது.

(குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் அவரை மச்சினி அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

3

அக்காவுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் கதவோரமே நின்றாளாம். ‘விடுதலை, விடுதலை’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாளாம். சொல்லச் சொல்ல, ‘நிரூபிக்கப்படவில்லை’ என்பதுதான் காதில் விழுந்ததாம்.

வீட்டு வாசலில் சாவியைப் பூட்டில் வைத்தாள். கதவு உள்ளேயிருந்து திறந்தது. அக்காவின் தோளில் குழந்தை. அசையவில்லை.

“மெதுவா. இப்பதான் தூங்குனா. போனை சைலண்ட்ல போட்டிருந்தேன்.”

மச்சினி குழந்தையின் முதுகில் கை வைத்தாள். முதுகு ஏறி இறங்கியது. தலைவலி, அதான் வந்துவிட்டேன் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

[இங்கே, ‘அக்காவின் கண்ணில் ஒரு நிழல் ஓடி—’ என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். மச்சினி அப்படி எதுவும் சொல்லவில்லை. எழுதுகிற எனக்கே பயமாக இருந்ததால் வந்த நிழல் அது.]

4

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குளிப்பாட்டும்போது குழந்தையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கொசுக்கடியைக்கூட விடவில்லை. பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் விடலாமா என்று கணவனிடம் கேட்டாள். அக்காவிடம் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையை எதற்குப் பிரிக்க வேண்டும் என்றான் அவன். காரணத்தைச் சொன்னால் சட்டப்படி தப்பு. சொல்லாமல் இருந்து, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? சொல்லவில்லை. தினமும் குழந்தையை அக்கா கையில் கொடுத்தாள், பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதாள், வேலைக்குப் போனாள். ஏதாவது சாக்குச் சொல்லிச் சீக்கிரம் திரும்பினாள்.

வெளியே அந்தப் பெயரைத் தேடியும் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. சரியாகத்தான் மூடியிருந்தார்கள். மூடாமல் விட்ட ஒரே ஓட்டை அவள்தான். விடுதலையான ஒருத்தரை மனசுக்குள் மறுபடி கூண்டில் ஏற்றியிருக்கிறோம் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தால் பயம் போய்விடுமா?

5

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா கிளம்பவில்லை. குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமலே தன் போனை நீட்டினார். அவருடைய மூடிய பதிவு அலுவலகப் பணிக்காகத் திறக்கப்பட்டது என்று ஒரு குறுஞ்செய்தி. திறந்தது யார் என்று இல்லை.

சின்ன வயதில் நடந்த வழக்கைப் பற்றி அவரே சொன்னார். விடுதலையான பிறகும் யாராவது தேடிப் படித்துவிட்டு வேலையைவிட்டு நிறுத்தியது, ஊர் மாறியது, மூடச் சொல்லி உத்தரவு வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கியது, எல்லாம்.

“நீங்க இந்த மாதிரி வேலைதானே பாக்குறீங்க. யாரு திறந்தாங்கன்னு கண்டுபிடிச்சுச் சொல்ல முடியுமா? எனக்குப் பயமா இருக்கு.”

இந்த இடத்தில் மச்சினியைப் பொய் சொல்ல வைத்து ஒரு பக்கம் எழுதினேன். ‘விசாரிச்சுப் பாக்குறேன் அக்கா’ என்று. நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் சொன்னது வேறு.

“நான்தான் அக்கா.”

அக்கா போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, “அன்னைக்கு ஓடி வந்தீங்களே, அன்னைக்கா?” என்றார்.

“ஆமா.”

“அதுக்கப்புறமும் தினம் குழந்தைய எங்கிட்ட குடுத்துட்டுத்தான் போனீங்க.”

அது நன்றியா, குற்றச்சாட்டா, மச்சினிக்கு இன்றைக்கும் தெரியாது.

6

அக்கா வேலையைவிட்டுப் போனதாக ஒரு முடிவு எழுதினேன். இருந்துவிட்டதாக ஒன்று. குழந்தை இறந்த அந்தப் பழைய நாளையே விவரமாகச் சொல்லும் முடிவு ஒன்றும் இருந்தது. அதை முழுதாக எழுதவே தைரியம் வரவில்லை. அக்கா போனாரா இருந்தாரா என்று எனக்குத் தெரியும். மச்சினி சொல்லிவிட்டாள்.

கதையாக எழுதலாமா என்று அவள் மூலமாகக் கேட்டனுப்பினேன். எழுதிக்கட்டும் என்றாராம் அக்கா. கூடவே ஒன்று சொன்னாராம்:

“கடைசியில என்ன ஆச்சுன்னு மட்டும் போட வேண்டாம். போனேன்னு போட்டா ஒண்ணு நினைப்பாங்க, இருந்தேன்னு போட்டா ஒண்ணு நினைப்பாங்க. எனக்கு ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியாச்சு.”

ஆகவே அவர்களை அந்த அறையிலேயே விட்டுவிடுகிறேன். குழந்தை இன்னும் அக்காவின் இடுப்பில்தான் இருக்கிறது. மச்சினி இரண்டு கையையும் நீட்டுகிறாள். வாங்கிக்கொள்ளவா, மன்னிப்புக் கேட்கவா என்று நான் எழுதப்போவதில்லை.