ஜெல்லில் கலந்த சாயம்

"செத்துப்போச்சுன்னு யாருகிட்டச் சொன்ன? மூஞ்சியப் பாத்துச் சொல்லு!"

"ஊரெல்லாமா சொன்னேன்? தலைவர்கிட்ட மட்டும்தான்."

"அவரு யாரு, வழிப்போக்கரா?"

மாடிப்படியிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்தியிருந்தால், நாங்கள் ஏன் அடுப்பைக்கூட அணைக்காமல் வாசலுக்கு ஓடி வரப்போகிறோம்?

பதற வேண்டாம், செத்ததாகச் சொன்னது ஒரு நொதியைத்தான், என்சைம் என்பார்களே அதை. கத்தியவள் எதிர்வீட்டு அம்மாளின் அண்ணன் மகள். எப்போதும் கையில் ஒரு பெட்டியோடு திரிவதால் எங்களுக்கு ஐஸ்பெட்டி. பதில் சொன்னவன் அந்த அம்மாளின் பிள்ளை. கடைக்குப் போனாலும் கழற்றாத அங்கியால் வெள்ளைக்கோட்டு. இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை; தலைவர் என்றது அந்தக் கூடத்தின் தலைவரை. கல்யாணமும் ஏறக்குறைய முடிவானதுதான்.

டி.என்.ஏ. இரட்டை இழைப் பின்னலாம். முறுக்கு ஏறினால், தோட்டத்துக் குழாய் மாதிரி தன்மேலேயே சுருண்டுகொள்ளுமாம். அவளுடைய நொதி ஓர் இழையை வெட்டி, முறுக்கை இறக்கிவிட்டு, வெட்டிய தடம் தெரியாமல் ஒட்டிவிடும். எங்கள் தெருவில் வெட்டிவிட ஆளுக்குப் பஞ்சமில்லை, ஒட்டத்தான் ஒருவருமில்லை. மழைக்காலம் முழுக்கக் குளிர் அறையில் தும்மித் தும்மி அவள் பிரித்தெடுத்த நொதி அது. வேலை செய்தால் அவளுக்கு வேலை நீடிக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்றைக்குப் பார்த்து அவள் அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். சோதனையை அவன் செய்தான். ஜெல் என்கிற வழுவழுப் பலகைக்குள் மின்சாரம் டி.என்.ஏ.வைத் துரத்தும். சுருண்டது முந்தும், தளர்ந்தது பிந்தும். அது கண்ணுக்குத் தெரியத்தான் சாயம்.

"எல்லாம் முன்னாடியே போய் நிக்குது. ஒண்ணுகூடத் தளரல. நான் என்ன பண்ணட்டும்?"

"ஜெல்லுக்குச் சாயம் எப்ப போட்ட?"

"எப்பவும் போல, ஊத்தும்போதே."

அவள் படியில் உட்கார்ந்தேவிட்டாள். "அட அறிவுக்கொழுந்தே! சாயம் உள்ள புகுந்தா, தளர்ந்ததுக்கும் அதுவே முறுக்கு ஏத்திவிட்டுடுமே! ரெண்டும் ஒண்ணா ஓடும். ஓடி முடிஞ்சப்புறம்தான சாயத்துல ஊறவைக்கணும்?"

"சாயமோ சாந்தோ, கட்டிக்கப்போறவங்க இப்படியா கத்துறது? சாப்பிட வாங்க" என்றாள் அத்தை.

மறுநாள் அவளே சாயமில்லாத ஜெல்லில் ஓட்டினாள். ஏணிப்படி மாதிரி கோடு கோடாக வந்தது; நொதி உயிரோடுதான் இருந்தது. அந்தப் படத்தை அத்தை எங்களுக்கும் காட்டினாள். நாங்களும் புரிந்ததுபோல் தலையாட்டினோம். அன்று மாலை சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது; 'நீ' போய் 'நீங்க' வந்திருந்ததும் காதில் விழுந்தது.

"தலைவர்கிட்ட என்ன சொன்னீங்க, அத்தான்?"

"மறுபடி செஞ்சோம், நல்லா வந்துச்சுன்னு."

"சாயம் போட்டது நீங்கன்னு?"

"அதான் நல்லா வந்துடுச்சே! இனிமே யாரு போட்டா என்ன?"

"எனக்குக் கவனம் போதாதாம். நொதியை இனி நீங்க பாத்துக்கணுமாம். அவரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு. உங்ககிட்டயும் சொன்னாராமே. அப்பவும் வாயத் திறக்கலையா?"

பக்கத்து வீட்டுக் குக்கர்தான் கத்தியது.

காலையில் அவள் இரண்டு படங்களையும் தலைவர் மேசையில் பரப்பினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, நொதியையும் வேலையையும் அவளிடமே விட்டார். வீட்டுக்கு வந்து கல்யாணம் வேண்டாம் என்றாள்.

"ஒரு சாயத்துக்காகவாடி?" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள்.

"சாயம் மறதி, அத்தை. அதுக்கு நான் திட்டி முடிச்சாச்சு. வாய மூடிக்கிட்டு இருந்தது மறதியில்ல."

அந்த வருஷமே வேறு ஊர் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டாள்; அங்கேயே ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள். வெள்ளைக்கோட்டோ வீட்டுக்காரர் மகளைக் கட்டிக்கொண்டான், வாடகை மிச்சம். அத்தை மாதாமாதம் பெட்டி கட்டுவதென்னவோ அண்ணன் மகள் வீட்டுக்குத்தான்.