இடது பக்கத்து வளைவு

யார் வந்து எதிரே அமர்ந்தாலும், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி முதலில் பார்ப்பது அவர்களுடைய காதுகளைத்தான். கண்ணைச் சோதிக்கும் முன்பே, எந்தக் காது ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று அவள் மனம் அளந்து முடித்திருக்கும். கணவரை முதன்முதலில் சந்தித்தபோதும் காதைத்தான் பார்த்தாளாம். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்ததால் நேர்மையான மனிதர் என்று நம்பிவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மனிதர் ஒருநாள் அலுவலக நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், எழவில்லை. அலுவலகத்தார் கொண்டுவந்து கொடுத்த அவருடைய கோட்டை அவள் வெகுநாள் தொடவில்லை. தொட்ட அன்று, உள்பையிலிருந்து ஒரு பெண்ணின் மூக்குக்கண்ணாடி வந்தது.

அழுதுகொண்டிருந்த கண் அந்த நிமிடமே காய்ந்துபோயிற்று.

படிப்பதற்கான கண்ணாடி அது. நாற்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்குப் பொருந்தும் சாதாரண எண். அவளே பலருக்கு விற்ற சட்டம். ஆனால் காதில் மாட்டும் இடது கம்பி மட்டும் மேல்நோக்கி வளைந்திருந்தது. இடது காது ஏறியவர்களுக்கு அப்படித்தான் வளைத்துக் கொடுப்பது வழக்கம். அவளுக்குத் தெரிந்து இடது காது ஏறியவள், துக்கத்துக்குத் துணையாக வந்து வீட்டிலேயே தங்கியிருந்த சொந்தத் தங்கை.

அதன்பின் எல்லாமே சாட்சி சொல்லத் தொடங்கின. தங்கை தன்னைவிட அதிகமாக அழுதது ஏன்? அவருடைய தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? போன மழைக்காலத்தில் ஒரு கண்ணாடி தொலைந்துபோனதாகச் சொன்னாளே, அது எங்கே தொலைந்தது? நரி ஒன்று தன் குகை வாசலில் புதிய காலடித் தடத்தைக் கண்டதாம். காடு முழுக்கத் தேடச் சோம்பல்பட்டு, பக்கத்து வளை முயலின் கழுத்தைப் பிடித்ததாம். சந்தேகத்துக்கும் தூரம் நடக்கப் பிடிப்பதில்லை.

சாப்பாட்டு மேசையில், உடன் வசித்த மாமியாரின் எதிரிலேயே, கண்ணாடியைத் தங்கையின் தட்டருகில் வைத்தாள். எங்கே கிடைத்தது என்பதையும் சொன்னாள். தன்னுடையது இல்லை என்றாள் தங்கை. அப்படியானால் போட்டுக் காட்டு என்றாள் அக்காள்.

தங்கை கண்ணாடியைத் தொடவில்லை. "கூடப் பிறந்தவ சொல்றதை நம்ப மாட்டே, காது சொன்னா நம்புவியா?"

போட மறுத்ததே போதிய ருசுவாயிற்று. மகன்மேல் குற்றமில்லை, இவள்தான் மயக்கியிருப்பாள் என்று மாமியார் தீர்ப்பைச் சொன்னார். தங்கை பெட்டியை எடுத்துக்கொண்டு, தான் நடத்தும் முடிதிருத்தும் கடைக்கு மேலிருந்த அறைக்கே திரும்பிவிட்டாள்.

சில வாரம் கழித்து, அடுத்த தெரு நூலகப் பெண்மணி புதுக் கண்ணாடிக்கு வந்தார். பழைய வாடிக்கையாளர், இம்முறை முகம் வாடியிருந்தது. கடைக்காரி வழக்கம்போலக் காதைப் பார்த்தாள். இரண்டும் சமம். வந்தவர் உறுதியான சட்டமாகக் கேட்டார். பழையது எப்போதும் இடப்பக்கம் வளைந்துகொண்டே இருந்ததாம்.

"படுத்துக்கிட்டே படிச்சா அப்படித்தான் வளையும்" என்றாள், எல்லோரிடமும் சொல்லும் அதே குரலில்.

சொன்ன வாய் அப்படியே நின்றது. கம்பி வளைவது காதால் மட்டுமா? தலையணையாலும் வளையும். ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவளுக்குத் தன் வீட்டில் மட்டும் அது தோன்றவில்லை.

இழுப்பறையைத் திறந்து அந்தக் கண்ணாடியை எடுத்தாள். கம்பியை வெந்நீரில் முக்கி, விரலால் நிமிர்த்தி, எதிரே இருந்த முகத்தில் மாட்டினாள். இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியில் தன்னைக் கண்ட பெண்மணி சட்டெனக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இது எங்க..."

"அவர் கோட்டுல."

அது ஏன் அவர் கையில் இருந்தது என்று மட்டும் கடைக்காரி கேட்டாள்.

"என் தலைமாட்டுல கிடந்ததை, நிமித்திக் கொண்டுவரேன்னு எடுத்துட்டுப் போனார்" என்றார் அந்தப் பெண்மணி. "உங்க கடையிலேயே."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் போனார். கடைக்காரி அதை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. வீட்டில் மகனின் கோட்டைத் தடவிப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு அவன் உத்தமனாகவே இருப்பான். அதற்கு விலையாக ஒருத்தியின் பெயர் கெட்டுக் கிடக்கும். அவ்வளவுதான்.

கடையைப் பூட்டினாள். வீட்டுக்குப் போய் மாமியாரைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு முடிதிருத்தும் கடைக்கு நடந்தாள். எங்கே என்று கேட்டவருக்கு, வந்து கேளுங்கள் என்பதற்குமேல் பதில் சொல்லவில்லை.

தங்கை தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அக்காளைப் பார்த்தும் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

"அத்தை, உங்களுக்கு முன்னாடி இவமேல பழி போட்டேன். அதையும் உங்களுக்கு முன்னாடியேதான் எடுக்கணும். இந்தக் கண்ணாடி இவளோடது இல்ல. வேற ஒருத்தங்களோடது. அவங்க வாயாலயே கேட்டுட்டு வரேன். தப்புப் பண்ணது உங்க பையன். அதுக்கப்புறம் தப்புப் பண்ணது நான்."

மாமியார் அங்கிருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். தங்கை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு முடியை இடது காதுக்குப் பின்னால் ஒதுக்கி அக்காளிடம் கையை நீட்டினாள்.

"குடு. இப்பப் போட்டுக் காட்டறேன்."

"வேண்டாம்" என்று கண்ணாடியை மடக்கிப் பைக்குள் வைத்தாள் அக்காள். "அன்னைக்குக் கேட்டதே தப்பு."