பச்சை மூடி

"உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் என்னிடம் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"இருக்கு சார். பல்லு விளக்கும்போது பாத்திருக்கேன்" என்றாள் பக்கத்தில் நின்ற சித்தி.

அவர் சிரித்துவிட்டார். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு அந்த ஆரோக்கிய விடுதியின் துப்புரவு ஸ்டோரில் இடம் கிடைத்தது அப்படித்தான்.

பெரிய கேன்களில் வரும் திரவங்களைத் தண்ணீர் கலந்து வெள்ளை பாட்டில்களில் நிரப்ப வேண்டும். சிவப்பு மூடி கழிப்பறைக்கு, நீலம் தரைக்கு, பச்சை நீராவி அறைப் பலகைகளுக்கு. விருந்தினர் மூக்கில் மருந்து நெடி ஏறக் கூடாது என்று எல்லாவற்றிலும் ஒரே எலுமிச்சை வாசனை. யாருக்கு எத்தனை போயிற்று, எத்தனை திரும்பி வந்தது என்று நோட்டில் ஏற்ற வேண்டும்.

நீராவி அறை சித்தியின் பொறுப்பு. அந்தப் பக்கம் வேலை செய்ய எட்டாவது படித்திருக்க வேண்டும். சித்தி பள்ளிக்கூடத்தை மிதித்ததே இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் அவளுடைய விண்ணப்பத்தை நிரப்பியவள் நான். "எட்டுன்னே போடு. பத்துன்னு போட்டா கேள்வி கேப்பாங்க" என்றாள். கையெழுத்தை மட்டும் ஒரு வாரம் பழகிக்கொண்டாள். பாட்டில்களை அவள் மூடியின் நிறத்தை வைத்துத்தான் எடுப்பாள். இது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சிவப்பு மூடிகள் தீர்ந்துபோயின. ஒரு மாதமாகக் கேட்டும் வந்தபாடில்லை. கழிப்பறை கழுவும் நெட்டை அண்ணன் வாசலில் நின்று, "சீக்கிரம் குடும்மா, நின்னு நின்னு இன்னும் வளந்துடுவேன் போல" என்றார். ஆசிட் பாட்டிலில் பச்சை மூடியைத் திருகி, 'ஆசிட். கழிப்பறைக்கு மட்டும்' என்று பெரிதாக எழுதி ஒட்டிக் கொடுத்தேன். எழுதிவிட்டோம், போதும் என்று நினைத்துவிட்டேன். சித்தியின் ஞாபகமே வரவில்லை.

வேலை முடிந்ததும் அண்ணன் அதைத் துப்புரவுச் சாமான்கள் வைக்கும் பொது வண்டியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சித்தி எடுத்துப் பலகைகளைத் துடைத்திருக்கிறாள். மதியம் அங்கே உட்கார்ந்த ஒரு பெண்ணுக்குத் தொடையில் தோல் வெந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் சித்தியை ஸ்டோருக்கு வரச் சொன்னார். பாட்டிலை என் மேஜைமேல் வைத்தார்.

"மூடி பச்சையா இருந்துச்சு சார்" என்றாள் சித்தி.

"மூடிய விடுங்க. விரல் தண்டிக்கு எழுதி ஒட்டியிருக்கே. எட்டாவது படிச்சவங்கதானே? எங்க, படிங்க."

சித்தி பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கண்ணாடி எடுத்துட்டு வரல சார்."

அவளுக்குக் கண்ணாடியே கிடையாது.

அவர் என் பக்கம் திரும்பினார். "மூடி மாத்தினத அவங்ககிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. அதை அவரிடம் அப்போதே ஒப்புக்கொண்டிருந்தால் போதும். தப்பு என்மேல் வந்திருக்கும், சித்தியின் வேலை தப்பியிருக்கும். நான் தரையைப் பார்த்தேன்.

"உன்னத்தான் கேக்கறேன். சொன்னியா, இல்லையா?"

அவர் குரல் உயர்ந்ததும் என் தலை ஆடியது. ஆமாம் என்று.

"அப்புறம் என்ன? சொல்லியும் இப்படின்னா இனி உங்கள வெச்சிக்க முடியாது. சாமானெல்லாம் இவகிட்ட ஒப்படைச்சிட்டுக் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சித்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையுறை, ஏப்ரன், அறைச் சாவி என்று ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தாள். என் கை அதன் பாட்டுக்கு நோட்டைத் திறந்து, வரவுப் பக்கத்தில் மூன்றையும் எழுதியது.

"சித்தி..." என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

ஆணியில் மாட்டியிருந்த எங்கள் இருவரின் சாப்பாட்டுப் பையை எடுத்தாள். அதிலிருந்து என்னுடைய டப்பாவை மட்டும் வெளியே எடுத்துக் கையுறைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.