எக்ஸ்ரே அக்காவின் கிராபிக்ஸ் கார்டு

“மூச்சை இழுங்க. அப்படியே பிடிங்க. ம்... விடுங்க.”

பகல் முழுக்க அவள் வாயிலிருந்து வருவது இவ்வளவுதான். ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை. வருகிறவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூச்சத்தோடு நிற்பார்கள். படம் எடுத்து முடித்ததும் விட்டால் போதும் என்று கிளம்பிவிடுவார்கள். அந்த நிலையில் யாருக்குக் கதை பேசத் தோன்றும்?

வீட்டிலும் அதே கதைதான். பார்த்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அம்மா போன பிறகு, தம்பி மாதம் ஒருமுறை போன் செய்து “சாப்பிட்டியாக்கா?” என்பான். அவள் “ஆச்சு” என்பாள். அதோடு பாசம் தீர்ந்து போன் ஓய்ந்துவிடும்.

ஆனால் இருட்டத் தொடங்கினால் அவளுக்கென்று மூன்று பேர் இருந்தார்கள். மூவரையும் நேரில் பார்த்ததில்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரே கூட்டமாகத் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவர்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர், அவர்தான் கேப்டன். கணக்குப் பிள்ளை ஒருவன், காதுக்குள் கீச்சென்று பேசுவதால் கொசு. மூன்றாவது ஆள் பேக்கரிக்காரர். விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிறவர் என்பதால் பாதி ஆட்டத்தில் கொட்டாவி விடுவார். தூங்குமூஞ்சி என்று பெயர்.

அவளுக்குச் சுடத் தெரியாது. சுட்டால் பெரும்பாலும் கேப்டன் முதுகில்தான் படும். ஆனால் கண் கூர்மை. எலும்பில் மயிரிழை விரிசலைத் தேடித் தேடிப் பழகிய கண். புதருக்குள் ஒருவன் தொப்பி லேசாக அசைந்தால்கூடச் சொல்லிவிடுவாள். “இடது பக்கம் பாறை இடுக்குல ஒருத்தன்.” அடுத்த நொடி கொசு அவனை முடித்துவிடுவான். சுவரைத் தாண்டிப் பார்க்கிறாளோ என்று வியந்துதான் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர் வைத்தார்கள். அவள் தொழில் இன்னதென்று பிறகுதான் தெரிந்தது. அன்று மூவரும் சிரித்த சிரிப்பு வாரக்கணக்கில் அவள் காதில் இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது விளையாட்டு ஒன்று வந்தது. மூவரும் அதற்கு மாறப்போவதாகச் சொன்னார்கள். அவளுடைய பழைய கம்ப்யூட்டரோ அதைத் திறந்ததுமே மயங்கி விழுந்தது. மாறாவிட்டால் கூட்டம் போய்விடும். கூட்டம் போனால், மூச்சை இழுங்க, விடுங்க என்பதோடு அவள் பேச்சு நின்றுவிடும்.

கையில் இருந்த சேமிப்புக்குள் புதுக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. மூவரும் சம்பந்தி வீட்டார் மாதிரி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பிராசசரில் கஞ்சத்தனம் கூடாது என்றார் கேப்டன். மெமரியைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், மதர்போர்டில் இடம் இருந்தால் போதும் என்றான் கொசு. பவர் சப்ளை மட்டும் நல்ல கம்பெனியாக இருக்கட்டும், மலிவாக வாங்கித் தன் பழைய கம்ப்யூட்டரைக் கருக்கிய அனுபவம் தனக்கு உண்டு என்றார் தூங்குமூஞ்சி. மற்ற எதிலும் சிக்கனம் பண்ணலாம், திரையில் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டு மட்டும் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் மூவரும் ஒரே குரல்.

பெரிய கார்டு புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கடைத்தெருவில் உதிரிபாகம் விற்கும் கடைக்காரர், யாரோ பயன்படுத்திய கார்டு ஒன்றைப் பாதி விலைக்கு எடுத்து வைத்தார். கேபினெட்டும் அதற்கேற்ற மாதிரி, முன்பக்கம் வெறும் வலையடித்த மலிவு ரகம். எல்லாவற்றையும் பூட்டி ஓடவிட்டுக் காட்டினார். வாசலில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

“கார்டு சூடானா அதோட விசிறி கொஞ்சம் சத்தம் போடும்மா. பரவாயில்லையா?”

“எங்க சத்தம் போடுது?” என்றாள் அவள்.

கடைக்காரர் அவள் கிண்டல் பண்ணுவதாக நினைத்துச் சிரித்துவிட்டு பில் போட்டார். அவள் கிண்டல் பண்ணவில்லை. வாசல் ஜெனரேட்டரின் உறுமலில் அது உண்மையிலேயே கேட்கவில்லை. வேகத்தைக் கேட்டாள், படத் தெளிவைக் கேட்டாள். சத்தத்தைப் பற்றி யாரையும் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாள் ஆட்டத்தில் அவளே அசந்துபோனாள். இலை இலையாகக் காடு. ஈரத் தரையில் நிழல். “வந்துட்டேன்” என்றாள் உற்சாகமாக.

“யாரு வீட்டுல மிக்ஸி ஓடுது?” என்றான் கொசு.

“விமானம் ஏதோ இறங்குதுப்பா” என்றார் தூங்குமூஞ்சி.

சிரித்தார்கள். பிறகு கண்டுபிடித்தார்கள். அவள் மைக்கைத் திறந்தால் கார்டின் விசிறி கூட்டத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதிரியின் காலடிச் சத்தத்தை வைத்து ஆட வேண்டிய விளையாட்டு அது. இரைச்சலை வடிகட்டும் வசதியைப் போட்டுப் பார்த்தாள். அவள் குரலையும் சேர்த்து வடிகட்டிவிட்டது. பெட்டியைத் தள்ளி வைக்கலாம் என்றால், அந்த ஒற்றை அறையில் எங்கே தள்ளுவது? கேப்டன் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நேரம் மைக்கை அமுத்தி வச்சுக்கிறீங்களா?”

அணைத்து வைத்தாள். சொல்ல வேண்டியதை விரலால் தட்டி அனுப்பினாள். ‘மரத்துக்குப் பின்னால்’ என்று அவள் தட்டி முடிப்பதற்குள் கொசு செத்துக் கிடந்தான். மறுநாளும் அப்படியே. மூவரும் பேசுவது கேட்டது, சிரிப்பது கேட்டது. சிரிப்புக்குப் பதில் சிரித்தாள். அது அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. கதவுக்கு வெளியே நின்று கல்யாண வீட்டை வேடிக்கை பார்ப்பது போலிருந்தது.

கடைக்காரரிடம் போனாள். பழைய பொருள், திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். சத்தமில்லாத கார்டு வேண்டுமென்றால் இன்னொரு மடங்கு ஆகும். அவளிடம் அரை மடங்குகூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமே ஆட உட்கார்ந்தபோது கேப்டன் பேச்சுவாக்கில் சொன்னார், தன் மச்சான் ஒருத்தன் சும்மா இருக்கிறான், பார்த்துச் சொல்வதற்கு அவனை இழுத்துவிடலாமா என்று. தூங்குமூஞ்சி, “எக்ஸ்ரே அக்கா இருக்காங்களேப்பா” என்றார். “இருக்காங்க” என்றார் கேப்டன். கூட்டத்தில் நால்வருக்குத்தான் இடம். அதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அவள் விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். நிழலை அணைத்தாள். மழையை அணைத்தாள். இலைகளின் தெளிவைக் கடைசிக்கு இறக்கினாள். கார்டுக்கு வேலை குறையவே, மேஜைக்குக் கீழே விசிறியின் வேகம் கொஞ்சம் தணிந்தது. போதவில்லை. படத்தின் வேகத்தையும் பாதியாகக் கட்டிப்போட்டாள். பாதி விலைக்கு வாங்கியும் சேமிப்பையெல்லாம் விழுங்கிய கார்டு, இப்போது பழைய கம்ப்யூட்டரின் வேலையைத்தான் செய்தது. மலை பிசைந்த மாவு போலாயிற்று. மரங்கள் பச்சைத் துணி சுற்றிய கம்பங்கள். விசிறி ஒருவழியாக அடங்கியது.

மைக்கைத் திறந்தாள்.

“கேப்டன், வலது பக்கம் சரிவுல ரெண்டு பேர். ஒருத்தன் படுத்திருக்கான்.”

யாரும் கேள்வி கேட்கவில்லை. துப்பாக்கிகள்தான் பேசின. இருவரும் விழுந்த பிறகு, “என்னக்கா, விமானத்தை வித்துட்டீங்களா?” என்றான் கொசு.

“ஒரு திருகாணி லூசா இருந்துச்சு. முடுக்கிட்டேன்” என்றாள்.

மச்சானைப் பற்றிக் கேப்டன் அதற்குமேல் பேசவில்லை. ஆட்டம் முடிந்து நால்வரும் ஒரு மேட்டில் நின்றார்கள். கீழே ஏரி. தூங்குமூஞ்சி கொட்டாவியை மறந்து, சூரியன் தண்ணீருக்குள் இறங்குகிற அழகைப் பாருங்கள் என்றார். தண்ணீரில் பறவை நிழல்கூடத் தெரிகிறது என்றான் கொசு.

“அக்கா, உங்க கார்டுல இன்னும் பிரமாதமா இருக்குமே?” என்றார் கேப்டன்.

அவள் திரையில் ஏரி இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தகரத் தட்டு கிடந்தது.

“ஆமா” என்றாள். “ரொம்ப நல்லா இருக்கு.”

அவர்கள் பார்த்து முடிக்கும்வரை அவளும் அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.